"உன் வீட்டுக்காரராம்மா?"

போன வாரம் சாயங்காலம் ஆறு மணி டவுன் பஸ். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தேன். இரண்டு சீட் தள்ளி ஜன்னலோரம் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம், பக்கத்தில் ஒரு ஆள். முதலில் குரல்தான் கேட்டது. அப்புறம் அவன் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து, துண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அடுத்து பளாரென்று ஓர் அறை.

பஸ்ஸே கப்சிப். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம், பார்த்துவிட்டு மற்றவர்கள் முகத்தையும் பார்த்தோம். கண்டக்டர் கூட்டத்தில் நெருக்கியடித்து வந்து அந்தப் பெண்ணிடம், "என்னம்மா, உன் வீட்டுக்காரரா?" என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "சண்டையெல்லாம் வீட்ல போய் வச்சுக்குங்கய்யா" என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டிக்கெட் டிக்கெட் என்று பின்பக்கம் போய்விட்டார்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கே வெட்கமான விஷயம். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, புருஷன் பொண்டாட்டி விவகாரம், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு மட்டுமில்லை, பஸ்ஸில் எல்லோருக்கும்தான். நின்றுபோன பேச்சு திரும்ப ஆரம்பித்தது, முன்சீட்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து செல்போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார்.

ஒருவர் அடிபடும்போது சுற்றி நிற்கிறவர்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டால் பயம், சுயநலம், "மனிதநேயம் செத்துவிட்டது" என்று ரெடிமேடாகப் பதில்கள் இருக்கின்றன. அவையெல்லாம் உண்டுதான். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது என்று இப்போது தோன்றுகிறது. "அந்தப் பெண்ணுக்கு வலிக்கிறதா" என்று நாம் கேட்பதில்லை. "அவள் யாருடையவள்" என்றுதான் கேட்கிறோம். யாருக்கோ உரியவள் என்று தெரிந்துவிட்டால் நம் வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடியபோது ஒரு பழைய பரிசோதனை கிடைத்தது. 1976-இல் ஷாட்லேண்ட், ஸ்ட்ரா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல நடிகர்களை வைத்து நடிக்கவிட்டு, பார்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். "நீ யாரென்றே எனக்குத் தெரியாது" என்று அந்தப் பெண் கத்தியபோது 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். "உன்னை ஏன்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேனோ" என்று கத்தியபோது 19 சதவீதம். அடி ஒன்றுதான், கத்தலும் ஒன்றுதான், ஒரு வாக்கியம் மட்டும் வேறு. நம் கண்டக்டர் அந்த ஆராய்ச்சியைப் படித்திருக்க மாட்டார், ஆனால் கச்சிதமாக அதே கேள்வியைத்தான் கேட்டார்.

இந்த விஷயம் வந்தாலே எல்லோரும் நியூயார்க் கதைக்குப் போவார்கள். 1964 மார்ச் 13, கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலை, 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று. அந்த 38 என்ற கணக்கு ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்று பிற்பாடு தெரிந்துபோனது. ஒருவர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டு கொலைகாரனை முதல் தடவை விரட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து, உயிர் போய்க்கொண்டிருந்த கிட்டியைக் கையில் தாங்கியிருக்கிறார். எனக்கு அந்தக் கதையில் நெருடுவது எண்ணிக்கை இல்லை, பத்திரிகையில் வந்த ஒரு சாட்சியின் வார்த்தை. காதலர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்தோம் என்பது. கொன்றவன் கிட்டிக்கு முன்பின் தெரியாத ஆள்.

அதே மார்ச் 13, 2016, உடுமலைப்பேட்டை. பட்டப்பகல், பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஆள் நடமாட்டமுள்ள சாலை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரையும் கௌசல்யாவையும் பைக்கில் வந்தவர்கள் வெட்டியதை சிசிடிவி காட்சியாகத் தமிழ்நாடே பார்த்தது. சங்கர் இறந்தார், கௌசல்யா தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்தார். அந்தச் சாலையில் நின்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அரிவாளுக்கு முன்னால் வெறுங்கையோடு போ என்று கீபோர்டில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். ஆனால் அதன்பிறகு என்ன பேசினோம்? "பெத்தவங்க வயிறு எரிஞ்சிருக்கும்ல" என்று எத்தனை பேர் எழுதினார்கள். மறுபடியும் அதே கேள்விதான், கௌசல்யா யாருடையவள்.

மூன்று மாதம் கழித்து ஜூன் 24, நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். காலை ஆறரை மணி சுமாருக்கு பிளாட்பாரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கேயும் அரிவாள், அங்கேயும் நொடிகளில் முடிந்த விஷயம், தடுத்திருக்க முடியுமா என்பதை விடுங்கள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்த உடல் மூடக்கூட ஆளில்லாமல் கிடந்ததே, அதற்கு என்ன வீரம் தேவை? ஒரு துப்பட்டா போதும். அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கும் கொன்றவனுக்கும் என்ன உறவு என்று துப்பறியக் கிளம்பிய கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், இதே முகநூலில்தான்.

போலீஸ், கோர்ட் என்று யார் அலைவது என்பார்கள். நியாயமான பயம், எங்கள் தெருவிலேயே ஒருவர் சாட்சி சொல்லப்போய் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு நடந்திருக்கிறார். சாலை விபத்தில் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2016-இல் உச்சநீதிமன்றம் சொல்லி, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று சேர்த்துவிட்டார்கள். அது விபத்துக்கு. வீட்டு வன்முறைக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு இருக்கிறது. இப்படி நடப்பதாக நினைக்கிற யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. குடும்ப விஷயம் என்று சட்டமே ஒதுங்காதபோது நான் ஒதுங்கியிருக்கிறேன்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். "ஆமா" என்று தலையாட்டியது அவனுக்கு லைசென்ஸ் கிடைத்தமாதிரி ஆகிவிட்டது. கழுத்தைப் பிடித்தான். அப்போதுதான் பின்சீட்டிலிருந்து முருங்கைக்கீரைக் கூடையோடு ஒரு பாட்டி எழுந்தார். "புருஷன்னா அடிப்பியோ? கைய எடுறா!" அவ்வளவுதான். கூடையை என் கையில் திணித்துவிட்டு, "எந்திரி புள்ள, என்கிட்ட வந்து உக்காரு" என்று அந்தப் பெண்ணைக் கிளப்பினார். பிறகு காலேஜ் பையன் ஒருவன் "என்ன அண்ணே இது" என்று முன்னால் போனான், இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஐந்தாவதாக நானும் வாயைத் திறந்தேன், கூடையைப் பிடித்துக்கொண்டு. அவன் கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவு பேரையும் அடக்கி வைத்திருந்தது அந்த ஒல்லி ஆளா என்று நம்பவே முடியவில்லை.

இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினார்கள். அவன் முன்னால், அந்தப் பெண் பின்னால். பாட்டி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எந்தத் தெரு புள்ள நீ?" என்று கத்தினார், பஸ் கிளம்பிவிட்டது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அந்தப் பெண்ணின் காதில் போட எனக்கு முழுசாக இரண்டு ஸ்டாப் நேரம் இருந்தது. நான் கீரைக்கூடையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.