இணைக்கொம்பு முன்னால்தான் வரும்!

ள-வுக்குப் பின்னால் இணைக்கொம்பு, அதாவது ளை-யில் முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி. மறுபடியும் அதேதான். எழுத்து வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளை ஐந்தாவது முறையாக மூடித் திறந்தாயிற்று, எழுத்துருவை மாற்றியாயிற்று, கணினியையே ஒருமுறை அணைத்துப் போட்டாயிற்று. "வளைகாப்பு" என்று அடித்தால் திரையில் வருவது வளைகாப்பு இல்லை. வ வருகிறது. ள வருகிறது. அந்த ள-வின் முதுகுக்குப் பின்னால், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு இணைக்கொம்பு தனியே நிற்கிறது. அப்புறம் க, அதன் கால். அப்புறம் ப. அந்தப் ப-வின் தலையில் உட்கார வேண்டிய புள்ளி, பக்கத்தில் இன்னொரு வட்டத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கடைசி பு இரண்டாக உடைந்து, ப ஓர் இடத்திலும் உகரக் குறி ஓர் இடத்திலும் கிடக்கின்றன. ஒரு மங்கலச் சொல்லை அம்மியில் வைத்து நசுக்கியதுபோல் இருக்கிறது. அதற்குக் கீழே பச்சைப் பொத்தான்: வெட்டத் தயாராம்.

எதை வெட்ட?

வெள்ளிக்கிழமை அக்கா மகளுக்கு வளைகாப்பு. 80 தாம்பூலப் பைகள், ஒவ்வொன்றின் மேலும் அந்த ஒற்றைச் சொல், தங்க நிற வினைலில், அதாவது இஸ்திரி போட்டுப் பையில் ஒட்டும் நெகிழிப் படலத்தில். இன்று புதன்கிழமை, இரவு பதினொன்றரை. ஒரே ஒரு பைக்குக்கூட எழுத்து தயாராகவில்லை.

இந்த வெட்டும் இயந்திரத்தை வீட்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், குறை இயந்திரத்தில் இல்லை. 12 அங்குலப் பசைப் பாயில் வினைலை ஒட்டி உள்ளே செலுத்தினால், கத்தி மேல் படலத்தை மட்டும் வெட்டி, கீழே உள்ள தாங்குதாளைக் கீறாமல் விட்டுவிடும். அந்த நுணுக்கத்தை நான் இன்றும் வாய்பிளந்து பார்க்கிறேன். இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கத்திக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறதே, அதை எழுதியவர்கள் ஒரு நாளாவது அதை வைத்து ஏதாவது வெட்டியிருப்பார்களா என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம்.

மூன்று வாரமாகக் கற்கிறேன். குரூப் என்று ஒரு கட்டளை, கம்பைன் என்று ஒரு கட்டளை, மெர்ஜ், வெல்ட் என்று இன்னும் இரண்டு. நான்குக்கும் அகராதியைப் பார்த்தால் "சேர்" என்றுதான் வரும். ஒன்று சேர்த்தால் நகர்த்தும்போது மட்டும் ஒன்றாக நகரும். ஒன்று சேர்த்தால் உள்ளே ஓட்டை விழும். ஒன்று சேர்த்தால் கோடுகள் கலந்து ஒரே உருவமாகும். எது எதைச் செய்யும் என்று மென்பொருளுக்குள் எங்கும் ஒரு வரி விளக்கம் கிடையாது. வினைலைப் பாழாக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாழாக்கினேன். காணொளிகளைப் பார்க்கலாம் என்றால் இருபது நிமிடம், முப்பது நிமிடம். எல்லாவற்றிலும் தலையணை உறைக்கு ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து வெட்டுகிறார்கள். ஆங்கிலத்துக்கு எல்லாம் நடக்கிறது. அங்கே எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், எடுத்து அடுக்கினால் போதும்.

தமிழில் அப்படி இல்லை. கணினிக்குள் ளை என்பது முதலில் ள, பிறகு இணைக்கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை. பகரத்தையும் உகரக் குறியையும் சேர்த்துப் பு என்ற ஒரே உருவமாக்குவதும் அதன் வேலை. இது அவ்வளவு அரிய வித்தையா? என் கையில் இருக்கும் கைப்பேசி செய்கிறது. உலாவி செய்கிறது. காய்கறிக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் போடும்போது நொடியில் செய்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறியின் (யூனிகோடு) முதல் பதிப்பிலேயே, 1991-இலேயே, தமிழுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைக் காசு வாங்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள்; ஆண்ட்ராய்டும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. எடுத்துச் சேர்த்தால் முடிந்தது. சேர்க்கவில்லை. முடியாததால் இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே கடை விரித்து, இங்கே விலை வைத்து, இங்கே பணம் வாங்குகிறவர்கள், இங்கே உள்ளவர்கள் எந்த எழுத்தில் எழுதுவார்கள் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

எங்கள் பாட்டி ளை என்று எழுதினால், முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு வந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, ளை, னை நான்கும் மற்ற எழுத்துகளைப் போல இணைக்கொம்புக்கு மாறிய பிறகும் அவர் கடைசிவரை பழைய ளைதான் எழுதினார். அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று ஒரு மொழி தன் எழுத்தையே மாற்றிக்கொண்டது. அந்த மொழிக்காக இவர்கள் மென்பொருளில் ஒரு நிரலைச் சேர்க்க மாட்டார்கள்.

உதவி மையத்துக்கு எழுதினேன். படம் பிடித்து, வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: எங்கள் பட்டியலில் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவும். பட்டியலைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை உருட்டினேன். தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. அதையும் எழுதினேன். மறுபடி பதில்: பட்டியலில் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவும்.

தெரிந்த ஒருவர், பழைய பாமினி எழுத்துருவைப் போட்டால் வேலை நடக்கும் என்றார். நடக்கும்தான். ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த எழுத்துரு அது. கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம் ள அடிக்க வேண்டும், மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையை அழுத்த வேண்டும். அந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வரத்தானே எல்லோரும் ஒருங்குறிக்கு வந்தோம்? தமிழக அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டுவிட்டது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்கிய பிறகு, ஒரு சொல் எழுதுவதற்காக நான் ஏன் பழைய காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்? மாட்டேன்.

இங்க்ஸ்கேப்பைத் திறந்தேன். படம் வரையும் இலவச மென்பொருள், 2003-லிருந்து இருக்கிறது. வளைகாப்பு என்று அடித்தேன். வளைகாப்பு என்று வந்தது. அவ்வளவுதான். கொம்பு முன்னால், புள்ளி மேலே, பு முழுதாக. கண்ணில் நீர் வராத குறை. எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, கோடுகளாகவே படத்தைப் பதிந்து வைக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, 18 சென்டிமீட்டர் அகலம் வைத்து, வெட்டும் மென்பொருளுக்குக் கொண்டுபோனேன்.

எஸ்விஜி கோப்பைத் திறக்க வேண்டுமானால் பணம் கட்டிய பதிப்பு வேண்டுமாம்.

நான் வரைந்தது. என் கணினியில் இருப்பது. என் இயந்திரத்துக்கு அனுப்பப் போவது. இடையில் சுங்கச்சாவடி. இந்தத் தொழிலில் இந்தப் புத்தி புதிதும் இல்லை. 2021 மார்ச்சில், இதே போன்ற வெட்டும் இயந்திரங்களை விற்கும் கிரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் தங்கள் சொந்த வடிவங்களை மாதத்துக்கு 20-க்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. இயந்திரம் வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் அதே மாதத்தில் பின்வாங்கியது. என்னுடைய இயந்திரம் அவர்களுடையது இல்லை. ஆனால் வாங்கி முடித்த பொருளுக்கு மறுபடி மறுபடி வாடகை கேட்கும் ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான்.

கட்டினேன். வேறு வழி? வெள்ளிக்கிழமை காத்திருக்குமா?

கோப்பு திறந்தது. 18 சென்டிமீட்டர் 24 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. பையின் அகலமே 20. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு வைக்கிறது, இது 72 என்று படிக்கிறது. மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடுகிறது. கோப்பைத் திறக்கும்போது ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்காது. முக்கால் பங்காகச் சுருக்கினேன்.

இனி இடவலம் திருப்ப வேண்டும். இஸ்திரி போட்டு ஒட்டும் வினைலைக் கண்ணாடியில் தெரிவதுபோல்தான் வெட்ட வேண்டும். அதற்கான பொத்தான் கடைசித் திரையின் ஓரத்தில், ஒரு முக்கோணக் குறியை அழுத்தினால் விரியும் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒருமுறை போட்டால் அடுத்த வெட்டுக்கு நினைவில் வைத்துக்கொள்ளவும் மாட்டாது. சோதனைக்கு ஒரு தாள் சரியாக வந்தது. அடுத்து முழுத் தாள் போட்டேன், பொத்தான் தானாகத் தன் பழைய நிலைக்குப் போயிருந்தது, தங்க வினைல் ஒரு தாள் போயிற்று.

மூன்றாம் தாளில் எல்லாம் சரியாக விழுந்தது. கொக்கி ஊசியால் வேண்டாத வினைலைப் பிய்த்தெடுக்கத் தொடங்கினேன். வயலில் களையெடுப்பது போலத்தான், ஆங்கிலத்திலும் அதற்குக் களையெடுப்பு என்றே பெயர். ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வ நின்றது, ளை நின்றது, கா நின்றது. புள்ளி மட்டும் களையோடு சேர்ந்து வந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் புள்ளி. அடுத்த சொல்லிலும் வந்துவிட்டது. அதற்கு அடுத்ததிலும். ஆங்கிலத்தின் சிறிய ஐ-க்கும்தான் தலையில் புள்ளி இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் படித்துவிடலாம். எங்களுக்குப் புள்ளி போனால் மெய்யே போயிற்று. வளைகாபபு என்று எழுதிய பையைச் சம்பந்தி வீட்டார் கையில் எப்படிக் கொடுப்பது?

அக்கா கைப்பேசியில் அழைத்தாள். "முடிந்துவிட்டதா?" என்றாள். ஒரு புள்ளிதான் பாக்கி என்றேன். அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவளும் காரணம் தெரியாமல் சிரித்தாள். 80 பைகள், 80 புள்ளிகள், நானே கையால் வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, என் துணிக் கத்தரியைத் தேடி எழுந்தேன்.

தையல் பெட்டியில் இல்லை. அலமாரியில் இல்லை. அடுக்களையில், பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் கிடக்கிறது. நுனியில் பால் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துணியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டியது? நாளைக்குக் காலையில் ஒவ்வொருவராக எழுந்து வாருங்கள், எனக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.