கிராய்ன் வேறு, பிரேக்வாட்டர் வேறு

புதுச்சேரி கடல் அரிப்பு பற்றிய கட்டுரையில் கிராய்ன், பிரேக்வாட்டர், ஜெட்டி மூன்றையும் 'தடுப்புச் சுவர்' என்றே எழுதியிருக்கிறீர்கள். இவை செய்யும் வேலையே வேறு.

கிராய்ன் என்பது கரையிலிருந்து குறுக்காகக் கடலுக்குள் நீளும் கல் வரிசை. மீனவர்கள் சொல்லும் தூண்டில் வளைவு இதுதான். பன்றியின் மூஞ்சியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லே இதற்கு மூலம் என்கின்றன அகராதிகள். நீட்டிக்கொண்டிருக்கும் வடிவத்துக்குப் பொருத்தம்தான். அமெரிக்க எழுத்துக்கூட்டலில் (groin) தேடினால் தொடை இடுக்கு வந்து நிற்கும், கவனம்.

பிரேக்வாட்டர் அலையை உடைத்துத் துறைமுகத்துக்குள் அமைதியான நீரைத் தருவது. ஜெட்டி நம் ஊரில் படகுத் துறை. அமெரிக்கப் பொறியியல் நூல்களிலோ முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் காக்கும் கல்கட்டு.

இதில் முக்கியமானது மணல் போகும் திசை. நம் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திரும்பும். அதனால் 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் பிரேக்வாட்டர் வந்ததும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. தூண்டில் வளைவுக்கும் இதே கதிதான்: ஒரு குப்பத்தைக் காக்கும், அடுத்த வடக்குக் குப்பத்தின் மணலைப் பிடித்துவைக்கும். வரிசையாகக் கட்டினால் கடைசிக் கல்லுக்கு வடக்கே அரிப்பு நகரும், அவ்வளவே.

தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் அமைத்த மூழ்கிய திட்டு கிராய்ன் அல்ல. அதன் நிழலில், அதாவது அலை தணியும் கரைப்பக்கத்தில், புடைத்து வளரும் மணலுக்கு சேலியன்ட் என்று பெயர். அது திட்டையே தொட்டுவிட்டால்தான் டோம்போலோ.