எக்ஸ்ஆர்எஃப் சிலையின் வயதைச் சொல்லாது

'உற்சவர் சிலை மேல் எக்ஸ்ஆர்எஃப் கருவியை ஒரு தடவை காட்டினால் போதும், எந்த நூற்றாண்டு என்று தெரிந்துவிடும்' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை சார். எக்ஸ்ஆர்எஃப் என்பது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகக் கலவையை அளக்கும் கருவி.

நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு டச் (சுத்தம்) பார்க்கும் மெஷினும் பெரும்பாலும் இதே வகைதான். என்ன உலோகம், எத்தனை சதவீதம் என்று சொல்லும். கொலுசு எந்த வருஷம் செய்தது என்று சொல்லுமா? செம்பின் மேல் கனமாக வெள்ளி முலாம் பூசினால் அதுவே ஏமாந்துபோகும், ஏனென்றால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். சிலையிலும் அப்படித்தான்: களிம்பு ஏறிய முதுகில் ஓர் அளவு வரும், புளி போட்டுத் தேய்த்த முகத்தில் வேறு அளவு வரும்.

வயதுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். சுட்ட மண் உள்ளே இருந்தால் வெப்ப ஒளிர்வு முறை (மண்ணைச் சூடாக்கி, வரும் ஒளியை வைத்து அது எப்போது சுடப்பட்டது என்று கணிப்பது) உதவும். ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே மண்ணே இருக்காது. அதனால்தான் சாரதா சீனிவாசன் போன்ற ஆய்வாளர்கள் ஈய ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஈய அணு வகைகள்) விகிதங்களையும் உலோகக் கலவையையும் சிற்பப் பாணியோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

அப்புறம், அளவு எடுக்கும் முன் தயவுசெய்து சிலையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு தடயமும் போய்விடும்.