துரோகி என்று சுடப்பட்டவர்

கனடா உருவான கதை என்றால் எல்லோரும் முதல் பிரதமர் ஜான் மக்டொனால்டில்தான் தொடங்குவார்கள். எனக்கு என்னவோ தாமஸ் டார்சி மகீயைத்தான் பிடிக்கும்.

அயர்லாந்துக்காரர். 1848 கிளர்ச்சியில் பிரிட்டனை எதிர்த்து நின்றவர். அது தோற்றதும் பாதிரியார் வேடம் போட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறித் தப்பினார். 1857இல் மொன்றியல் வந்து பத்திரிகை தொடங்கினார். அந்த வருடக் கடைசியிலேயே தேர்தலிலும் ஜெயித்தார். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், அதே மனிதர் பிரிட்டிஷ் முடியின் கீழ் நான்கு மாகாணங்களைச் சேர்த்து ஒரு நாடாக்கியவர்களில் ஒருவர்!

பழைய தோழர்கள் சும்மா இருப்பார்களா? விலைபோய்விட்டான் என்றார்கள். அயர்லாந்து விடுதலைக்காக 1866இல் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் ஆயுதத்தோடு புகுந்த ஃபீனியன்களுக்கு அவர் துரோகி. (எவ்வளவு சுலபமாக வாயில் வருகிற சொல் அது!)

நான் அப்படிப் பார்க்கவில்லை. மாகாணங்களை இணைப்பது பற்றிப் பேசக் கூடிய 1864 கியூபெக் மாநாட்டில் கல்வியை மாகாணங்களின் கையில் விடுவது பற்றிப் பேச்சு வந்தது. மதச் சிறுபான்மையினருக்கு ஏற்கெனவே இருக்கும் பள்ளி உரிமையில் கைவைக்கக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் மகீ. கனடா அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவுக்கு வேர் அதுதான். ஐரிஷ் கத்தோலிக்கர்கள் அமெரிக்காவில் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். தன் சனங்கள் தன் நம்பிக்கையோடு தலைநிமிர்ந்து வாழ ஓர் இடம் வேண்டும் என்பதுதான் 1848இலும் அவர் கேட்டது. வழி மாறியது, கேட்டது மாறவில்லை.

குறையில்லாதவர் அல்ல. குடி ஆளை ஆட்டிவைத்தது. மொன்றியல் ஃபீனியன்களின் விவகாரங்களை 1867 தேர்தல் நேரத்தில் பத்திரிகையில் போட்டு உடைத்ததில் வேண்டாத பகையும் சேர்ந்தது. அத்தனை உழைத்தும், முதல் அமைச்சரவையில் ஐரிஷ் கத்தோலிக்கர் என்ற கணக்கில் இருந்த இடம் நோவா ஸ்கோஷியாவின் எட்வர்ட் கென்னிக்குப் போனது. மகீ விட்டுக்கொடுத்தார்.

1868 ஏப்ரல் 7. நாடாளுமன்றத்தில் நள்ளிரவு தாண்டியும் பேசிவிட்டு ஒட்டாவா ஸ்பார்க்ஸ் தெருவில் தங்கியிருந்த விடுதிக்கு நடந்து வந்தார். கதவைத் திறக்கும் நேரத்தில் பின்னாலிருந்து சுட்டார்கள். மொன்றியலில் அடக்கம் நடந்த நாள் அவருடைய 43ஆவது பிறந்தநாள்.

அந்தக் கொலைக்காகப் பேட்ரிக் வீலன் என்ற தையற்காரரை அடுத்த வருடம் பிப்ரவரியில், கூட்டம் பார்க்கத் தூக்கில் போட்டார்கள். நான் சுடவில்லை என்று கடைசிவரை சொன்னார். அந்த விசாரணையில் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிரதமர் மக்டொனால்ட். நண்பனைப் பறிகொடுத்தவர், சரி. ஆனாலும் அங்கே அவருக்கு என்ன வேலை?