பந்து விளையாடறதும் வேலைதான்

சிங்கப்பூரோட ஃபுட்பால் லீக்கான சிங்கப்பூர் பிரிமியர் லீக்ல ஆடற பசங்கள பத்தி பேச்சு வந்தாலே சம்பளம் கம்மி, ஸ்டாண்டர்ட் கம்மின்னு சொல்லி முடிச்சிடறாங்க. சம்பளத்த விட பெரிய பிரச்சின காண்ட்ராக்ட்தான்ங்கறது என் கருத்து. நெறைய பேருக்கு ஒரு சீசனுக்குத்தான் கையெழுத்து. அது முடிஞ்சா அடுத்து எடம் இருக்கா இல்லையான்னு ஃபோன் வர்ற வரைக்கும் தெரியாது.

என் அக்கா மகன் இந்த லீக்ல டிஃபெண்டர். ஸ்டார் எல்லாம் இல்ல, பாதி மேட்ச் பெஞ்சுலதான் உக்காந்திருப்பான், ஆனா ட்ரெய்னிங்க ஒரு நாள் விட்டதில்ல, சாப்பாடு தூக்கம் எல்லாம் கணக்கா இருக்கும், தீபாவளிக்கு முறுக்கு நீட்டினா கூட ஒண்ணோட நிறுத்திக்குவான். அவனுக்கு பொண்ணு பேச போயிருந்தோம். பொண்ணோட அப்பா மரியாதையாத்தான் கேட்டாரு, "தம்பி, அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?" அவனால பதில் சொல்ல முடியல, ஏன்னா அந்த பதில் அவன் கையில இல்ல. பிடிஓ வீட்டுக்கு, அதான் அரசாங்கம் புதுசா கட்டற வீட்டுக்கு, அப்ளை பண்றதா, லோன் எவ்வளவு எடுக்கறது, எதையுமே அவன் வயசு ஆபிஸ் பையன் மாதிரி அவனால திட்டம் போட முடியல.

இத்தனைக்கும் கிளப்புங்களே நிலையா இல்ல. எஸ்.லீக் 1996ல ஆரம்பிச்சுது, 2018ல பிரிமியர் லீக்னு பேரு மாறிச்சு. நடுவுல 2015 சீசனுக்கு முன்னாடி உட்லண்ட்ஸ் வெலிங்டன் கிளப்ப ஹவ்காங் கிளப்போட சேர்த்தாங்க, தஞ்சோங் பகார் கிளப் ஒதுங்கிடுச்சு, அப்புறம் 2020லதான் திரும்பி வந்துச்சு. அதே 2020ல 9 தடவ லீக் ஜெயிச்ச வாரியர்ஸ் கிளப் வெளிய போயிடுச்சு. 9 தடவ ஜெயிச்ச டீமுக்கே இந்த கதின்னா அங்க பெஞ்சுல இருந்த பையன் என்ன ஆனான்னு யாராவது கேட்டோமா?

வயசு விஷயம் இன்னும் மோசம். வெளிநாட்டு பசங்க 18, 20 வயசுல பெரிய கிளப் கண்ணுல படற நேரத்துல நம்ம பையன் 2 வருஷம் என்எஸ்ல, அதான் கட்டாய தேசிய சேவையில, இருக்கான். என்எஸ் வேணாம்னு நான் சொல்லல, நானும் போனவன்தான், அதுக்கப்புறம் வர்ற ரிசர்விஸ்ட் பயிற்சியும் முடிச்சிட்டேன். ஆனா லேட்டா ஆரம்பிக்கறவன சீக்கிரம் அனுப்பிவிடவும் பாக்கறது நியாயமே இல்ல. 2014 கடைசியில எந்த கிளப்லயும் 30 வயசுக்கு மேல 5 பேருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ரூல் அறிவிச்சாங்க, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கிட்டாங்க. வாங்கினது நல்லது, ஆனா அப்படி ஒரு நெனப்பு வந்ததே தப்பு.

சிங்கப்பூர் கோல்கீப்பர் ஹசன் சன்னி விஷயம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஜூன், பேங்காக்ல தாய்லாந்தோட உலகக் கோப்பை தகுதிச் சுற்று. 3-1ன்னு தோத்தோம், தாய்லாந்து இன்னும் ஒரு கோல் போட்டிருந்தா அதே குரூப்ல இருந்த சீனா வெளிய போயிருக்கும், அத்தன பந்த புடிச்சு அவங்கள காப்பாத்தினது இவருதான். உடனே சீன ரசிகருங்க தெம்பனிஸ்ல இருந்த அவரோட நாசி லெமாக் கடைக்கு கூட்டமா வந்தாங்க, வர முடியாதவங்க கடையோட கியூஆர் கோட் ஃபோட்டோவ ஆன்லைன்ல புடிச்சு அங்கேர்ந்தே காசு அனுப்பினாங்க, கடைசில போதும் அனுப்பாதீங்கன்னு அவரே சொல்ல வேண்டியதா போச்சு. நாம எல்லாரும் சந்தோஷமா ஷேர் பண்ணோம். எனக்கு அப்ப மனசுல நின்னது வேற, 40 வயசு தேசிய கோல்கீப்பருக்கே ஒரு கடை தேவைப்பட்டுச்சு. அவரு முன்யோசனையோட அத வச்சிருந்தாரு, பாராட்டணும். கடை போட முதல் இல்லாதவன் முழங்கால்ல லிகமெண்ட் கிழிஞ்சு மாசக்கணக்கா படுத்து, அதுக்குள்ள காண்ட்ராக்ட்டும் முடிஞ்சா எங்க போவான்?

நம்ம தமிழ் சமூகத்துக்கும் ஒண்ணு சொல்லணும். 1977ல மலேசியா கோப்பை ஜெயிச்ச சிங்கப்பூர் டீமோட கேப்டன் சமது அல்லாபிச்சைன்னு பெருமையா சொல்றோம். சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்து போய் பாசல் கிளப்புக்கு ஆடினாருன்னு பெருமையா சொல்றோம். அதே நாமதான் வீட்டுல பையன் பூட்ஸ் கேட்டா டியூஷனுக்கு போன்னு விரட்டறோம்.

2025 நவம்பர்ல ஹாங்காங்ல போய் 2-1ன்னு ஜெயிச்சு, முதல் தடவையா சொந்த பலத்துல தகுதி பெற்று 2027 ஆசியக் கோப்பைக்கு போறோம். அந்த டீம்ல நெறைய பேரு இந்த லீக்ல ஆடறவங்கதான். ஜெயிச்ச ராத்திரி கத்தினா மட்டும் போதாது. குறைஞ்சது 2 வருஷ காண்ட்ராக்ட் குடுங்க. அடிபட்டா குணமாகி திரும்பற வரைக்கும் சம்பளத்த நிறுத்தாதீங்க. ஆடிக்கிட்டு இருக்கும்போதே கோச்சிங் லைசென்சோ வேற படிப்போ முடிக்க நேரமும் காசும் ஒதுக்குங்க.

ராத்திரி முழுக்க கோப்பிக்கடையில உக்காந்து இங்கிலீஷ் லீக் பாக்கற அண்ணன்மாருங்க ஒரு தடவ நம்ம லீக் மேட்ச் பாக்க ஜாலான் புசார் ஸ்டேடியத்துக்கோ தெம்பனிஸ் ஹப்புக்கோ வாங்க, முன்னாடி உக்காந்தா கோச் கத்தறது, பிளேயருங்க ஒருத்தர ஒருத்தர் கூப்பிடறது எல்லாமே காதுல விழும். அடுத்த ஹோம் மேட்சுக்கு எங்க குடும்பமே போறோம். புள்ளைங்கள கூட்டிட்டு வர நெனைக்கறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க, டிக்கெட் சேர்த்தே எடுத்துடலாம்.