எல்லாக் கசிவுக்கும் சீலன்ட் மருந்தல்ல

"டியூப்லெஸ் சைக்கிள் டயரில் தினமும் காற்று இறங்கினால், இன்னும் கொஞ்சம் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றி அழுத்தத்தைக் கூட்டினால் போதும்" என்று சிலர் சொல்வதில் பாதிதான் சரி, மறுபாதி ஆபத்தானது.

சீலன்ட் அடைப்பது டயரில் விழும் சிறு துளைகளையும், டயரின் ஓரம் ரிம்மோடு சேரும் இடத்துக் கசிவையும்தான். ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் கிழிந்தோ விலகியோ இருந்தால், காற்று ரிம்மின் உட்கூட்டுக்குள் புகுந்து ஸ்போக் துளைகள் வழியாகவோ வால்வின் அடிப்பக்கமாகவோ வெளியேறும். சோப்பு நீரைத் தடவும்போது ஒரு ஸ்போக்கின் அடியில் குமிழி கிளம்பினால், டேப்பில் உள்ள ஓட்டையும் அதே இடத்தில்தான் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளே புகுந்த காற்று ரிம்மைச் சுற்றி வந்து, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளிப்படும். பழைய டேப்பை உரித்து, ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் புது டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டுவதே அதற்கு வழி. (இதை ஏற்க மறுத்து இரண்டு புட்டி சீலன்டை வீணாக்கியவன் நான்.)

அழுத்தத்தைப் பொறுத்தவரை, டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஓரத்தில் இல்லாத (hookless) ரிம்களுக்கு 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐ என்பதே மேல்வரம்பு. அதைத் தாண்டினால் ஓடும்போதே டயர் கழன்றுவிடக்கூடும். எந்த ரிம்மானாலும், டயருக்கும் ரிம்முக்கும் குறிக்கப்பட்டுள்ள உச்ச எண்களில் எது குறைவோ அதையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.

சீலன்ட் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பது உண்மை. சக்கரத்தைக் கழற்றிக் குலுக்கும்போது உள்ளே சலசலப்பே கேட்கவில்லை என்றால், தாராளமாக ஊற்றலாம்.