உதடு அசையாதது மட்டுமே திறமையா?
லாம்ப் சாப் என்ற ஆட்டுக்குட்டிப் பொம்மையைத் தொலைக்காட்சியில் பேசவைத்த அமெரிக்கக் கலைஞர் ஷாரி லூயிஸின் வெற்றிக்கு, தன் உதடு அசையாமல் பொம்மைக்குக் குரல் கொடுத்ததே காரணம் என்கிறார் அவரைப் பற்றிய கட்டுரையை எழுதியவர். என்னால் ஏற்க முடியவில்லை. இதே கலையைச் செய்த அமெரிக்கர் எட்கர் பெர்கன் 1937 முதல் சார்லி மெக்கார்த்தி பொம்மையோடு வானொலியில் கொடிகட்டிப் பறந்தாரே, அங்கே உதட்டைப் பார்த்தவர் யார்? மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்துக்குப் பொம்மையோடு வந்த கலைஞரின் உதடுகள் நன்றாகவே அசைந்தன. பிள்ளைகளோ அவரை விட்டுவிட்டுப் பொம்மையிடமே பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னார்கள். ஒரு சிறுமி அதற்கு முறுக்குகூட நீட்டினாள்! லாம்ப் சாப்பின் வெடுக்கென்ற பேச்சும் பிடிவாதமும்தான் அதற்கு உயிர் கொடுத்தன. 1963இல் லூயிஸின் நிகழ்ச்சி நின்றுபோன பிறகும், 1992இல் அதே பொம்மை புதிய தொடரில் அடுத்த தலைமுறையைக் கவர்ந்தது. 1998இல் அவர் மறைந்த பின் மகள் மல்லோரி அந்தப் பொம்மையைத் தொடர்ந்து பேசவைத்ததையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.